இரண்டாவது கொட்டாவி

டயாலிசிஸ் அறையில் அவர் கொட்டாவி விட்டதுமே மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தலை சுத்துதா? கொட்டாவி வந்தா பிரஷர் இறங்குதுன்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல?"

"ஒண்ணுமில்ல. சும்மா இரு."

மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. மறுபடியும் கொட்டாவி.

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க. இவருக்கு பிரஷர் பாருங்க."

நர்ஸ் ஒரு கணம் தயங்கிவிட்டு, அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"தொண்ணூறுக்குக் கீழ போயிடுச்சே. சாப்பாட்டுல உப்பு போட்டுக்கறீங்களா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"தண்ணியாவது குடிக்கறீங்களா?"

"அளந்துதான்."

"உப்பையும் தண்ணியையும் குறைக்கச் சொன்னது உங்களுக்கா, உங்க மனைவிக்கா?"

கட்டிலில் படுத்திருந்த மனைவி, ஊசி குத்திய கையை அசைக்காமல், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் தலையை மட்டும் திருப்பினாள்.

"தனியா உப்புப் போட்டுச் சமைச்சுக்கறேன்னு சொன்னீங்களே?"

"சமைச்சேன். நீ சப்புன்னு சாப்பிடறப்ப, எனக்கு மட்டும் தொண்டையில எப்படி இறங்கும்?"

"நல்லா இருக்கு நியாயம். நீங்களும் படுத்துட்டா, அடுத்த தடவை என்னை யாரு இங்க கூட்டிட்டு வருவா?"