அஞ்சு ஓட்டையாவது

"பத்துல அஞ்சு தோட்டாவாவது குறி அட்டையில படணும். இல்லன்னா இத வித்துடு, சனிக்கிழமையானா நீ தனியாவே வந்துக்க. சரியா?" கார்பைன் என்ற அந்தக் குட்டை ரைபிளை மேசைமேல் வைத்துவிட்டு நெட்டி கேட்டாள்.

டெல்பர்ட் தலையாட்டினான். மனைவிக்கு என்று சொல்லித்தான் போன வாரம் அதை வாங்கியிருந்தான். தன் கைத்துப்பாக்கியின் தோட்டாவே இதற்கும் பொருந்தும், தனிச் செலவே இல்லை என்று கணக்காகப் பேசியும் இருந்தான்.

"என் பேரச் சொல்லி உனக்கு ஒரு பொம்மை" என்றாள் நெட்டி.

"சத்தியமா உனக்குத்தான். தோள்ல அணைச்சுக்க. மேல இருக்குற கண்ணாடில சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கயோ தோட்டா அங்க." தோட்டாக் கூட்டில் தோட்டாவை எப்படி அழுத்துவது என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் நெட்டி பத்தையும் உள்ளே தள்ளியிருந்தாள்.

அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. வாரம் முழுக்கத் தானியக் கிடங்கில் தூசி தின்பவனுக்கு இந்தத் துப்பாக்கிச் சங்கத்துச் சனிக்கிழமைதான் திருவிழா. அதில் நெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டிருக்கிறான்.

சுடும் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் காபிக் கோப்பையோடு வந்தார். "டெல்பர்ட், போன வாரத்து அட்டையையே மாட்டிக்க. ஓட்டையே இல்லாம புதுசாத்தான இருக்கு."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடி போடச் சொல்லி நெட்டி ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறாள். ஐயா கேட்டால்தானே.

"காது மூடிக்கிட்டாச்சா? சுடலாம்" என்று ஹார்லன் குரல் கொடுத்துவிட்டு, யாருடைய துப்பாக்கியிலோ தோட்டா சிக்கிக்கொண்டதைப் பார்க்க அந்தக் கோடிக்குப் போனார்.

டெல்பர்ட் ஒரு கணம் யோசித்தான். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா, ஒரே ஓட்டை. தன் அட்டையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த அவள் அட்டையைக் குறி வைத்தான். வெற்று அட்டையோடு திரும்பினால் இந்த மாசம் முழுக்கக் கிண்டல்தான், பரவாயில்லை. பத்தையும் பொறுமையாக அங்கேயே அனுப்பினான்.

நெட்டி இன்னும் ஒன்றுகூடச் சுடவில்லை. கார்பைனைத் தோளில் வைத்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பயமா?" என்று கத்தினான்.

"இல்ல. அட்டையப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தும் சுட்டாள். துப்பாக்கிகளைக் காலி செய்து, காலி என்று காட்ட மஞ்சள் கொடி செருகி, ஹார்லன் கையசைத்ததும் எல்லோரும் அட்டைகளை நோக்கி நடந்தார்கள். டெல்பர்ட் நடக்கவில்லை, ஓடினான்.

நெட்டியின் அட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆறு ஓட்டைகள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு, நெட்டி. முதல் நாளே ஆறு. இனி விக்க வேண்டாம்ல?"

"வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் வரேன்."

அவன் சந்தோஷத்தில் இருக்கும்போதே பக்கத்திலிருந்து ஹார்லன் நீளமாக விசிலடித்தார். "டெல்பர்ட், இங்க வாய்யா. இது உன் அட்டைதானா?"

போய்ப் பார்த்தான். நட்டநடுவில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம் போல, பத்து ஓட்டைகள். ஆட்கள் வந்து முதுகில் தட்டினார்கள், ஹார்லன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தான் அந்தப் பக்கம் ஒரு தோட்டாகூட அனுப்பவில்லையே என்று டெல்பர்ட் விழித்தான்.

நெட்டி தன் அட்டையைப் பிய்த்து மடித்துக்கொண்டு அவன் காதருகே வந்தாள்.

"அடுத்த வாரம் அவங்கவங்க அட்டையிலயே சுடலாமா?"