பல்லில் கடித்த பறி

ராஜாத்தி இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றில் இறாலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருந்தது.

பறி பல்லில் இருக்கும்வரை பேச முடியாது. யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். அந்த வசதி அவளுக்குப் பிடித்திருந்தது.

தலைக்கு மேல் ஒரு விமானம் சென்னைப் பக்கம் தாழ்ந்து போனது.

"ராஜாத்தி, உம் பொண்ணு போறாடி! கையாட்டு!"

பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த ஜமுனாதான். தண்ணீரில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய கேலி. குவைத்தில் ஒரு வீட்டில் ஐந்தாறு வருஷம் பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பிய புதிதில், தான் தூக்கி வளர்த்த பெண் பெரியவளாகி விமானம் ஓட்டப்போகிறாள் என்று ராஜாத்தி வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அந்தச் சிறுமி அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவாள். பெண்பிள்ளைக்கு ஏது விமானம் என்று அந்த வீடும் சிரித்தது.

இருபது வருஷமாகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை.

ஓட்டினாளா, ஓட்டவில்லையா? அது தெரிந்தால் போதும். தன்னை நினைவு வைத்திருப்பாள் என்றெல்லாம் ராஜாத்தி ஆசைப்படவில்லை.

நேற்றுதான் குவைத்திலிருந்து வந்திருந்த ஜமுனாவின் புருஷன் தசரதன், கரையில் நின்று கதையளந்துகொண்டிருந்தான்.

"ப்ளேன் ஓட்டுனது அந்தூர்ப் பொம்பளை, தெரியுமா? சக்கரம் தொட்டதும் அரபியில, இங்கிலீசுல இன்னான்னமோ சொன்னா. கடைசியா தமிழ்ல, 'கரை வந்துட்ச்சி கண்ணு'ங்கிறா!"

"இன்னாய்யா, ப்ளேன் கரைக்கா வரும்?" என்றாள் ஜமுனா.

"தரைனு சொல்ல வாய் வரலை, பாவம். ப்ளேனே சிரிச்சிது."

தண்ணீரில் மறுபடியும் சிரிப்பு.

ராஜாத்தியின் கைகள் சேற்றுக்குள் அப்படியே நின்றன.

இருட்டுக்குப் பயந்து கண்ணை இறுக்கிக்கொள்ளும் குழந்தை. தோளில் சாய்த்து, மாடிப்படி ஏறி, கட்டிலில் மெல்ல இறக்கும்போது தினமும் ராஜாத்தி சொன்னது அதுதான். ஏரிக்காரிக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

"தப்பா சொல்லலை," என்றாள்.

ஜமுனா திரும்பிப் பார்த்தாள்.

காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் துள்ளி வெளியேற, பறி சாய்ந்தபடி தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.