இரண்டடிச் சண்டை

"விதானையார், நீங்களே கண்ணாலை பாருங்கோ. நான் பரந்தனுக்குப் போட்டு வாறதுக்கிடையிலை வேலியைப் பிடுங்கிப் போட்டான்."

அன்னபாக்கியம் காட்டிய பக்கம் வேலிக்கு நட்ட கதியால் தடிகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டுக் கதிர்காமநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலி நின்ற இடத்தில் மண்வெட்டியோடு நின்றான். நீளமாக ஏதோ வெட்டியும் இருந்தான்.

தர்மபுரத்தில் இது சின்னக் குற்றம் இல்லை. ஆடு வந்து பயிரை மேய்ந்தால்கூடப் பேசித் தீர்க்கலாம். கதியாலில் கை வைத்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை முகம் பார்க்க மாட்டார்கள்.

கிராம அலுவலரான விதானையார் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்ன கதிர்காமநாதன், மழைக்கு முதல் வேலி அடைப்போ?"

"ஓம் ஐயா. கதியாலைக் கறையான் அரிச்சுப் போச்சு."

"போன வருசம் நட்ட கிளுவை," என்றார் அன்னபாக்கியம். "பச்சையாத் துளிர்த்து நிண்டது. அதைக் கறையான் அரிக்குமோ? பிடுங்கின கதியாலைத் திரும்ப அதே கிடங்கிலை நட்டவன் ஆரும் இந்த ஊரிலை இருக்கிறானோ விதானையார்? ஒவ்வொருக்காலும் ஒரு சாண் நகரும். அது எப்பவும் மற்றவன்ரை பக்கம்தான் நகரும்."

விதானையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதேங்கோ. போன மாரிக்கு ரோட்டு வெள்ளம் வந்து இந்தச் சுவரோடை கட்டி நிண்டது. அறைக்குள்ளை நிலம் வெடிச்சு, பூச்செல்லாம் கொட்டுண்டு போச்சு. இந்த முறையும் தண்ணி நிண்டால் சுவர் இருக்காது எண்டு மேசன் சொல்லிட்டான். தண்ணி ஓட ஒரு கான் வெட்டி விடலாமெண்டு இந்தத் துண்டு நிலத்தைத்தான் நம்பியிருந்தனான். அதையும் இவன் பிடிச்சால் வெள்ளத்தை நான் எங்கை விடுறது, சட்டிக்குள்ளையோ?"

நியாயம் அவர் பக்கம்தான். கிழக்கே வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

கதிர்காமநாதன் குனிந்து இன்னும் இரண்டு வெட்டு வெட்டினான். உதட்டில் ஒரு சிரிப்பு.

"பாருங்கோ, சிரிக்கிறான். மாமி தந்த சீதனக் காணி இவருக்குக் காணாதாம். கிழவி உள்ளுக்கை இருந்து படிப்பிக்குது போலை."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா." விதானையார் அளக்கிற ரேப்பை எடுத்தார். "காணும் தம்பி வெட்டினது. கதியாலை எங்கை நடப் போறீர்? அந்த இடத்தைக் காட்டும்."

கதிர்காமநாதன் குழி தோண்டும் அலவாங்கை எடுத்தான். அன்னபாக்கியம் ஓடிப்போய்த் தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அவன் அந்தப் பக்கம் வரவே இல்லை. திரும்பித் தன் வளவுக்குள் போய், வாழைக்குக் கிட்ட அலவாங்கைக் குத்தினான்.

"இதிலை, ஐயா."

விதானையார் ரேப்பை நீட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொருமுறையும் பார்த்தார். பழைய கிடங்கிலிருந்து இரண்டடி. கதிர்காமநாதனின் காணிக்குள்.

"அப்ப இந்த வெட்டினது?"

"அக்காவுக்குக் கான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "சுவரோடை ஒட்டி வெட்டினால் அத்திவாரம் இளகிப் போகும். தள்ளி வெட்ட அவாவுக்கு இடம் காணாது. இதாலை சரிவாக் கொண்டுபோய் வயல் வாய்க்காலிலை விட்டால் அறைக்குள்ளை ஒரு சொட்டு வராது. நானும் மனிசியும் கதைச்சுத்தான் செய்யிறம்."

அன்னபாக்கியத்தின் கைகள் மெல்ல இறங்கின.

"ஏன் தம்பி, நான் இவ்வளவு பேச்சுப் பேசேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

கதிர்காமநாதன் தன் வீட்டு யன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா அக்கா. மாமிக்குக் கண்தான் தெரியாது, காது நல்லாக் கேக்கும். சீதனக் காணியிலை இரண்டடி போனது தெரிஞ்சால் எனக்கு இந்த வீட்டிலை சோறில்லை. உங்கடை சத்தத்தைக் கேட்டிட்டு, மருமகன் இண்டைக்குத்தான் ஒரு உருப்படியான வேலை பாக்கிறார் எண்டு முட்டை பொரிக்கச் சொல்லியிருக்கிறா."

அதற்குள் யன்னலால் குரல் வந்தது.

"என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்லை. விட்டுக்குடுத்திட்டியளோ?"

கதிர்காமநாதன் அன்னபாக்கியத்தைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். விதானையார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டார்.

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"அடேய் காணிக் கள்ளா, நீ நல்லா இருப்பாயடா. உன்ரை பிள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கும்."