ஊறிய குச்சி

கரண்டிக்கும் கரிக்கும் வாய் இருந்த காலத்தில் ஒரு மூங்கில் குச்சி இருந்ததாம். காலையிலிருந்து அதைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கிண்ணத்தில் ஆட்டுக்கறி தயிரிலும் மசாலாவிலும் சொகுசாக ஊறிக்கொண்டிருந்தது.

“உனக்கு மசாலா, எனக்கு வெறும் பச்சைத்தண்ணியா?” என்று குச்சி புலம்பியது.

“உன்னை யாருப்பா சப்பிப் பார்க்கப்போறா?” என்று கறி சிரித்தது.

பிறகு கறியைக் குச்சியில் கோத்துத் தணலில் வைத்தார்கள். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ எழும்பியது. ‘இன்றோடு நான் சாம்பல்தான்’ என்று குச்சி நினைத்தது. ஆனால் அதன் உடம்பிலிருந்து ஆவிதான் வந்தது.

தட்டில் நறுக்கிய வெங்காயத்தின்மேல் குச்சி இறங்கியதும் பக்கத்திலிருந்த புளிச்சட்னி கேட்டது: “என்னண்ணே, முழுசா வந்துட்டீங்க?”

“வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருந்தேன், தாயி,” என்று குச்சி பெருமூச்சு விட்டது.

கடைசியில், சாப்பிட உட்கார்ந்தவர் கறியைச் சட்னியில் தோய்த்துத் தின்றார். குச்சியையும் ஒருமுறை சப்பிவிட்டுக் கைகழுவப் போனார்.