டஸ்டர் கைமாறுகிறது

கடைசிப் பீரியட் வெயில் கரும்பலகையில் சாய்ந்து விழுகிறது. உச்சியில் கொட்டை எழுத்தில் ‘முடியாட்சி’ என்று எழுதி, கீழே வரைந்த உலகப் படத்தில் வரலாற்று வாத்தியார் பச்சை சாக்பீஸால் தீட்டிக்கொண்டே போகிறார். ராஜா போய் ஓட்டு வந்த நாடெல்லாம் பச்சை. மீசையிலும் பச்சைத் தூள். “உங்களை யாரு ராஜாவாக்குனாங்கன்னு ஜனங்க கேட்டாங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது,” என்கிறார், கோட்டையைத் தானே பிடித்த பெருமிதத்தோடு. முதல் பெஞ்சிலிருந்து குண்டூசி எழுகிறாள். வகுப்பிலேயே குள்ளம், அதனால் அந்தப் பெயர். “சார், நம்ம கிளாஸ் லீடரை யாரு லீடராக்குனா?” சாக்பீஸ் நின்றுவிடுகிறது. ஆக்கியவர் அவரேதான். பலகையின் உச்சிவரை கை எட்டுகிறதே என்று முதல் நாளே நெட்டையனிடம் டஸ்டரைக் கொடுத்துவிட்டார். இப்போது நெட்டையனே, விட்டால் போதும் என்று டஸ்டரை மேசையில் வைக்கிறான். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. “சரி சரி, கை தூக்குங்க.” குண்டூசிக்குக் காடாய்க் கைகள் எழுகின்றன, எல்லாவற்றுக்கும் மேலே நெட்டையனின் கை.

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து, புதிய லீடர் பலகை துடைப்பதைப் பார்க்கிறார். நாடுகள் மறைகின்றன. ‘முடியாட்சி’ மட்டும் அசையவில்லை. எம்பி எம்பிப் பார்த்தும் அவளுக்கு எட்டவில்லை. வாத்தியாருக்கு உள்ளூர ஒரு குஷி. அவள் திரும்புகிறாள். “சார், ஒரு நிமிஷம் எந்திரிக்கிறீங்களா?” எழுந்துவிடுகிறார். நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறாள். நாற்காலி ஆடுகிறது. அவர் குனிந்து இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார். அவள் துடைக்கத் துடைக்க, முடியாட்சி தூள்தூளாக அவருடைய வழுக்கையில் உதிர்கிறது.