முகம் தெரியாதவன்

"அக்கா, முதல்ல அந்த போனைக் கீழ வை," என்றான் தம்பி. "நெட்டுல எவனோ உளறினதைக் கேட்டு யாராவது காசைக் கொண்டுபோய்க் கொட்டுவாங்களா?"

அக்கா போனைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். வைத்தாளே ஒழிய, கண்ணை எடுக்கவில்லை. திரையில் அவள் காசு போட்ட கம்பெனியின் ஷேர் விலை இறங்கிக்கொண்டே இருந்தது.

அக்கா வீட்டுக்காரரான மாமாவின் ஆபரேஷன் எப்போது என்று கேட்டுவிட்டுப் போகலாம் என வந்தவன் அவன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இடுப்பு எலும்பை மாற்றவேண்டும். மாற்றினால் நடப்பார், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கட்டில்தான். அதற்காக அக்கா ஊரார் பேன்ட்டையெல்லாம் சுருக்கி, நீட்டி, ஜிப் மாற்றிச் சேர்த்த பணம் மொத்தமும் அந்த ஷேரில் இருக்கிறது என்று வந்த இடத்தில்தான் தெரிந்தது.

"சேர்த்தது பத்தலடா. ஆஸ்பத்திரியில ரேட்டை ஏத்திட்டாங்க. கொஞ்சம் பெருகட்டுமேன்னு பார்த்தேன்."

"பெருகும், நல்லாப் பெருகும். நெட்டுல அந்த ஷேர் குரூப்புல எழுதறவன்ல பாதிப் பேர் கூலிக்கு எழுதறவன். ஊரையே வாங்க வெச்சு விலையை ஏத்திவிடுவான். ஏறினதும் முதலாளிங்க தங்களோடதை வித்துட்டு நடையைக் கட்டிடுவாங்க. இதுலயும் இன்னிக்குக் காலையிலேயே எல்லாரும் வெளிய போயாச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க," என்றான். அவனுக்கு நாள் பூராவும் கம்ப்யூட்டரில் தட்டுகிற உத்தியோகம். என்னத்தைத் தட்டுகிறான் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "மச்சானா வந்திருக்கான்? அடுத்த தடவை நானே வந்து கதவைத் திறக்கறேன்னு சொல்லு."

அக்கா எழுந்து உள்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"வித்துடு. கிடைச்ச விலைக்கு வித்துத் தொலை," என்று தம்பி குரலைத் தாழ்த்தினான்.

அக்கா நகம் பிளந்த கட்டைவிரலால் திரையை அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். வாங்குவதற்கு ஒரு ஈ காக்கா இருக்காது என்று தம்பிக்குத் தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எழுதினவன் யாரு எவன்னு தெரியுமா உனக்கு?" அவனுக்கு அழுகை கோபமாக வந்தது. "முகத்தையாவது பார்த்திருக்கியா? இந்த மாதிரி ஆளுங்களை நம்பாதே நம்பாதேன்னு எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டேன்?"

"நீ சொன்னதை நான் மறக்கலடா. அங்க ஆயிரம் பேர் ஆயிரம் எழுதினாங்க, எதையும் தொடல. ஒருத்தன் எழுதினதை மட்டும்தான் நம்பினேன்."

அவள் போனில் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "மெஷின் ஊசி ஏறி நகம் பிளந்த அன்னிக்கும், விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு விடிய விடியத் தைச்சு எனக்குப் பரீட்சைப் பணம் கட்டினவ எங்கக்கா. அவ காசா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு இந்த ஷேர்லதான் போடுவேன்."

தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அக்கா போனை அணைத்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"நீ எழுதினதுன்னு தெரிஞ்சுதான்டா போட்டேன்."