ஒரு பிடி கூடுதல்

கோழிப்பண்ணைத் தண்ணீர்க் குழாய்க்குள் பாக்டீரியாக்கள் வழவழவென்று கோட்டை கட்டியிருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. பண்ணைக்காரர் பாக்டீரியாவை மட்டும் கொல்லும் வைரஸை வாங்கித் தொட்டியில் ஊற்றினார்.

வைரஸ் கோட்டைச் சுவரைக் குடையத் தொடங்கியது. குழாயடியில் தவித்து நின்ற கோழியிடம், “நான் சொல்றவரைக்கும் குடிக்காதே தாயி” என்றது.

உள்ளிருந்த பாக்டீரியா சிரித்தது. “உன்னைக் கண்டு எங்களுக்கென்ன பயம்? அந்த மனுஷனால சும்மா இருக்க முடியாதுப்பா.”

காலையில் இன்னொரு கோழி செத்துக் கிடந்தது. பண்ணைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமாகப் போடும் பிளீச்சிங் பவுடரை ஒரு பிடி கூடுதலாகவே தொட்டியில் போட்டார். சுவருக்கு வெளியே இருந்த வைரஸ் சுருண்டு செத்தது. கோட்டைக்குள் ஒன்றும் ஆகவில்லை.

“இனிமே குடிக்கலாமா?” என்று கோழி குழாயைப் பார்த்துக் கேட்டது.

“தாராளமாக் குடி தாயி” என்றது பாக்டீரியா.